தக்காளி குடித்த தண்ணீர்

பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு கடைசியில் தூத்துக்குடியில் எங்கள் தெருவின் தலையில்தான் விழுந்தது. குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் சங்கரலிங்கம் அண்ணாச்சி அதைத் தம் வீட்டு மொட்டைமாடியில் தோட்டமாக இறக்கி வைத்துக்கொண்டார். இரும்புக்கடையை மகனிடம் விட்டுவிட்டு மண்ணைத் தொட்ட மகான் அவர். கையுறை போட்டுத்தான் தொட்டார் என்றாலும், தொட்டார்.

கத்தரிக்குத் துணை கேந்திப்பூ, தக்காளிக்குத் துணை துளசி. தனியாக நிற்கிற செடி ஏங்கிப்போகும் என்பது அண்ணாச்சியின் 'ஆராய்ச்சி முடிவு'. மாதாமாதம் செயற்குழு கூடியது. காலமான வெண்டைச் செடி ஒன்றுக்கு எழுந்து நின்று மௌன அஞ்சலிகூடச் செலுத்தினோம்.

ஒரே ஒரு தொல்லை. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. அதை ஊற்றினால் இலை கருகிவிடும். ஆகவே செடிகளுக்கு நல்ல தண்ணீர், மனிதர்களுக்கு 'அனுசரித்தல்' என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்தது. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் அண்ணாச்சி மோட்டாரைப் போட்டு மாடிக்கு உறிஞ்சினார். தெருக்கோடி வீட்டு முத்துச்செல்வியின் குழாயில் வெறும் காற்று வந்தது.

அவள் கைக்குழந்தைக்காரி. வந்து முறையிட்டாள். பிள்ளைக்குத் தாகம் என்றால் அழுதுவிடும், செடி வாய்விட்டுக் கேட்குமா என்று அண்ணாச்சி கனிவோடு விளக்கினார். என்ன மனசு பாருங்கள்!

மாடித்தோட்டப் போட்டிக்கு நடுவர் வந்த அன்று, இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக முத்துச்செல்வி மாடியேறினாள். தக்காளித் தொட்டிக்குப் போகிற டியூபை உருவிக் குடத்துக்குள் விட்டாள்.

"ஏளா, தக்காளி வாடிரும்லா," என்றார் அண்ணாச்சி.

"வாடட்டும் அண்ணாச்சி. உப்புத்தண்ணியிலதான் எம்பிள்ளைக்குப் பால்பவுடர் கலக்குதேன். ரெண்டு நாளா வாயாலயும் வயித்தாலயும் போவுது. உங்க தக்காளிக்கு அப்படிப் போச்சா?"

நடுவர் நெகிழ்ந்துபோனார். "மக்கள் பங்கேற்பு" என்று சொல்லி அதற்கு முழு மதிப்பெண் போட்டார்.

முதல் பரிசு எங்களுக்கே. நடுவர் படியிறங்கியதும் டியூப் தொட்டிக்குத் திரும்பியது. நிறைந்த குடத்தைச் சங்கம் 'சாட்சிப்பொருளாக' வாங்கி வைத்துக்கொண்டது. செடிகளின் குடிநீரைத் திருடிய குற்றத்துக்காக முத்துச்செல்விக்கு ஒரு கண்டனத் தீர்மானம். வழிமொழிந்தவன் அடியேன்தான்.

மறுநாள் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உடம்பில் நீர்ச்சத்தே இல்லை என்றாராம் டாக்டர். குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. பகை பாராட்டுகிற சங்கமா எங்களுடையது? பரிசு வாங்கிய தக்காளியில் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு நலம் விசாரிக்கப் போனோம். முத்துச்செல்வி பையை வாங்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். என்ன நன்றிகெட்ட உலகம்! அந்தப் பிள்ளையின் பங்குத் தண்ணீர் ஒரு சொட்டுக் குறையாமல் அந்தப் பைக்குள்தான் இருந்தது.