சுவாசம் சார்

"இன்னா டீச்சரம்மா, நான் சுவாசமாமே?"

பால் வாங்கப் போன பொன்னுரங்கம் வெறும் தூக்குவாளியோடு வாசலில் நின்றான். அவன் மனைவி, அறிவியல் டீச்சர் செந்தமிழ்ச்செல்விக்குத் திக்கென்றது.

மத்தியானம் ஒன்பதாம் வகுப்பில் பாடம் மண்டையில் ஏறட்டுமே என்று சொல்லித் தொலைத்திருந்தாள். "ஒளிச்சேர்க்கை வெயில்ல உழைச்சு உணவு சேர்க்கும். சுவாசம் அதைக் கரைக்கும். எங்க வூட்ல நான் ஒளிச்சேர்க்கை, சார் சுவாசம்." வகுப்பு கொல்லென்று சிரித்தது. அந்த ருசியில் அவளும் சிரித்தாள். சின்னசேலத்து ஜவ்வரிசி ஆலையை மூடியதிலிருந்து அவன் வீட்டோடு இருப்பது கள்ளக்குறிச்சிக்கே தெரியும். இவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குடியா முழுகிவிடும்?

"கடையில பசங்க 'சுவாசம் சாருக்கு வழி வுடுங்கடா'ன்றானுங்க. நான் திரும்பி வந்துட்டேன்."

"நாளைக்கே சரி பண்ணிடறேங்க."

சரி பண்ணினாள். காலை வணக்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "சாரை யாரும் சுவாசம்னு கூப்பிடக் கூடாது!" என்றாள். ஒரு வகுப்புக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துபோனது.

பதறிப்போய் வகுப்பில் மாற்றிச் சொன்னாள். "சார்தான்பா ஒளிச்சேர்க்கை. நான்தான் சுவாசம். போதுமா?"

சாயங்காலம் அவன் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தான். தெருவிலிருந்து ஒரு குரல்: "சார், வெயில்ல நிக்கிறீங்களே, சாப்பாடு ரெடியா?"

பொன்னுரங்கம் இறங்கி வந்து இரண்டு சட்டையைப் பையில் வைத்தான். "தியாகதுருகத்துல அக்கா வூட்டுக்குப் போறேன். உன் மாவுச்சத்தாவது மிச்சமாவட்டும்."

"விளையாட்டுக்குத்தாங்க சொன்னேன்!"

"எனக்கும் விளையாட்டாதான் இருந்திருக்கும். நீ வூட்ல சொல்லியிருந்தா."

நாக்கை அறுத்துப் போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் அடுப்பைப் பற்றவைக்கிற லைட்டர் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. அரிசி எந்த டப்பாவில் என்றும் தெரியவில்லை. தண்ணீர் வரும் நேரம் தெரியாமல் குடம் காலியாகக் கிடந்தது. கசங்கிய புடவையோடு, டிபன் பாக்ஸ் இல்லாமல் பள்ளிக்கு வந்தாள். போன் போட்டால் அவன் எடுக்கவில்லை.

மத்தியானம் வகுப்பில் தலை சுற்றி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சார் பையோடு பஸ் ஏறியது அதற்குள் ஊருக்கே தெரிந்துபோயிருந்தது; பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

"ஒளிச்சேர்க்கைக்கும் சுவாசத்துக்கும் வித்தியாசம்... யாராவது சொல்லுங்க," என்றாள்.

முதல் பெஞ்சு தனுஷா எழுந்து, தன் டிபன் பாக்ஸை மேசையில் வைத்தாள்.

"ஒளிச்சேர்க்கை பொழுது சாஞ்சா நின்னுடும் டீச்சர். சுவாசம் ராத்திரி பகல் ஓயாது, அது நின்னா செடியே செத்துடும்னு நீங்கதான சொன்னீங்க... சார் எப்ப டீச்சர் வருவாரு?"