கிளைவேந்தனின் பூதப் பெரட்டு

நோர்வூட்டுக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான ஏழாம் நம்பர் லயத்தில், கடைசிக் காம்பராவில் குடியிருந்த கிளைவ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பெரிய முடிவு ஒன்று எடுத்தான். இனிமேல் சண்டைக்குத் தனியாகப் போவதில்லை. நாலு பூதங்களைக் கூட்டிக்கொண்டுதான் போவது.

முடிவை மனைவி றொசானாவிடம் சொன்னான். அவள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நாலுமா?" என்றாள். "எங்கங்க படுக்கும்?"

கேள்வி நியாயமானதுதான். இருப்பதே காம்பரா என்று ஓர் அறை, முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு. மாமியார் வந்தால் கிளைவே இஸ்தோப்பில்தான் முடங்குவான். அதில் பூதம் எங்கே கால் நீட்டும்?

இது விளையாட்டுச் சமாசாரம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிளைவைப் பற்றித் தப்பாக நினைப்பீர்கள்.

நோர்வூட் பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர் மகன் சிவகரன். கொழும்பில் படிக்கப் போனவன் படிப்போடு ஒரு விளையாட்டையும் கொண்டுவந்தான். ஆளுக்கொரு வீரனைக் கற்பனை செய்து, அவன் பலம் என்ன, புத்தி என்ன, ஆயுதம் என்ன என்று காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒருவன் மட்டும் கதையை நடத்திக்கொண்டு போவான். வெட்டு விழுந்ததா, தப்பிவிட்டதா என்று தெரியாத இடத்தில் தாயக்கட்டை போடுவார்கள். நம்ம தாயக்கட்டை இல்லை. இதற்கு இருபது முகம். ராவணனுக்கே பத்துத்தான்.

கதை நடத்துகிறவனுக்கு என்ன பேர் வைப்பது என்று முதல் நாள் கொஞ்சம் யோசித்தார்கள். தோட்டத்தில் தேயிலை மலைக்கு வந்து எல்லோரையும் வேலை வாங்குகிறவர் கண்டாக்கையா. இவன் பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்து வேலை வாங்குகிறான். ஆகவே சிவகரனும் கண்டாக்கையா ஆனான்.

மூன்றாவது ஆள் த்ரீவீல் ஓட்டுகிற கஜேந்திரன். அவனுடைய வீரன் மந்திரவாதி. அந்த மந்திரமும் அவன் த்ரீவீல் மாதிரிதான். ஏற்றத்தில் நின்றுவிடும்.

கிளைவின் வீரன் பெயர் கிளைவேந்தன். வாரத்தில் ஆறு நாள் ஸ்டோர் என்கிற தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கிற கிளைவ், தலைமுடி முதல் கால் நகம் வரை தூளாக வீட்டுக்கு வருவான். அவன் குளித்த தண்ணீரைக் காய்ச்சினால் நாலு பேருக்குப் பிளேன்டி ஊற்றலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு அவன் வேந்தன். இப்போது அந்த வேந்தன் பத்தாவது படிக்கு ஏறிவிட்டான். பத்தாவது படிக்கு வந்தவன் நாலு பூதங்களைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம்.

றொசானாவுக்கும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிமேல் ஓர் ஆசை இருந்தது. டவுனில் மாதா கோயில் மண்டபத்தில் தையல் வகுப்பு ஆரம்பிக்கிறார்கள். ஞாயிறு தோறும் இரண்டிலிருந்து ஐந்து மணி வரை. ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். இதற்குப் படிப்புத் தேவையில்லை, கையும் கண்ணும் இருந்தால் போதும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பாப்பாவை மட்டும் கொண்டுவரக் கூடாது. ஊசியும் கத்திரியும் கிடக்கிற இடம். வார நாளில் பாப்பாவைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் கொழுந்தெடுக்கப் போவாள். ஞாயிற்றுக்கிழமை அதுவும் பூட்டு.

அவள் எதையும் முழுசாகக் கேட்கத் தெரியாதவள். "அந்தத் தையல்..." என்று மூன்று வாரமாக ஆரம்பித்தாள். கிளைவ் மூன்று வாரமும் "ஞாயித்துக்கிழமை எனக்கு டியூட்டி" என்று முடித்துவைத்தான்.

இரண்டு மணிக்குக் கூட்டாளிகள் வந்தார்கள். மழை தகரத்தில் கொட்டியது. றொசானா எல்லோருக்கும் பிளேன்டி கொடுத்துவிட்டு, பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்தாள். சிவகரன் போனைத் திறந்து பூதங்களின் படத்தைக் காட்டினான். இருநூறு பூதம் இருந்தது. கல்யாணப் புரோக்கர் போட்டோ காட்டுவது மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் குணநலன் சொன்னான். கிளைவ் பெண் பார்க்க வந்தபோது கூட இவ்வளவு கேள்வி கேட்கவில்லை என்று றொசானா நினைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து நாலு பூதம் தேறியது. ஓர் ஒற்றைக்கண் அரக்கன். இறக்கை வைத்த பாம்பு ஒன்று. வில் பிடித்த எலும்புக்கூடு ஒன்று. கடைசியாக, உருவமே இல்லாமல் கொழகொழவென்று வழிந்துகொண்டு வருகிற ஒரு சேற்றுப் பூதம்.

தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது. தாயக்கட்டை போட்டு அவற்றைச் சம்மதிக்க வைக்க வேண்டும். கிளைவ் போட்டான். இரண்டு விழுந்தது. அரக்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டதாகக் கண்டாக்கையா அறிவித்தார். இன்னொரு தடவை போட்டான். ஒன்று விழுந்தது.

"றொசு, நீ போடு. உனக்குக் கை ராசி."

"கதையில இல்லாதவங்க போடக் கூடாதுண்ணே" என்றான் சிவகரன்.

"அப்ப இவளைக் கிளைவேந்தனோட சமையக்காரின்னு எழுதிக்க. வீட்டுலயும் அதானே."

சிவகரன் எழுதிக்கொண்டான். றொசானா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கட்டையை உருட்டினாள். பத்தொன்பது. பதினேழு. பதினெட்டு. சேற்றுப் பூதத்துக்கு முழுசாக இருபது. நாலும் வந்து வரிசையில் நின்றன.

பிறகு சிவகரன் சட்டத்தை வாசித்தான். கூட வருகிற பூதம், பேர் வைத்துச் சோறு போடுகிறவர் பேச்சைத்தான் கேட்கும்.

"பூதத்துக்கு என்னடா பேரு? பூதம்னு கூப்பிட்டா வரும்" என்று சொல்லிவிட்டு, கிளைவ் தன் காகிதத்தில் வாளுக்குக் கைப்பிடி வரையத் தொடங்கினான்.

இங்கேதான் தப்பு நடந்தது. கிளைவ் ஸ்டோரில் வேலை செய்கிறவன். அங்கே சங்கு ஊதினால் ஆள் வேலைக்குப் போகும். கொழுந்தெடுக்கிற மலையில் அப்படி இல்லை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள்கள் கூடி நிற்பார்கள். கங்காணி பேர் கூப்பிட வேண்டும், ஆள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் அந்தக் கங்காணிக்கு. அவர் காட்டுகிற மலைக்குத்தான் போக வேண்டும். அன்றைக்குச் செய்த வேலைக்கும் பேர் என்றுதான் சொல்லுவார்கள். கொழுந்து நிறை சரியாக இருந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். பதினேழு வயதிலிருந்து பெரட்டில் நிற்கிற றொசானாவுக்குப் பேரின் அருமை தெரியும்.

"நான் பேர் வைக்கவாங்க?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வையி, வையி" என்றான் வேந்தன், தலையை நிமிர்த்தாமல்.

ஒற்றைக்கண் அரக்கனுக்கு மாணிக்கம். பாம்புக்கு ரிப்பன். எலும்புக்கூட்டுக்கு அரிசிப்பல்லன். சேற்றுப் பூதத்துக்குப் பாயாசம்.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு அவள் மறுபடி "அந்தத் தையல்..." என்றாள். புதுசாக நாலு பூதத்துக்கு எசமானான மிதப்பில் கிளைவ் ஒரு வார்த்தை விட்டான். "அந்த நாலு பூதமும் என்னிக்கு என் பேச்சை மீறுதோ, அன்னையிலருந்து ஞாயித்துக்கிழமை பாப்பா என் பொறுப்பு. நீ தையி, நெய்யி, ஏரோப்ளேன் கூட ஓட்டு."

"சரிங்க" என்றாள்.

அந்தச் 'சரிங்க'வை அவன் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

அந்த வாரம் பொழுது சாய்ந்து அவன் வேலை விட்டு வந்தால், அவள் ரொட்டி தட்டிக்கொண்டே பூதங்களைப் பற்றி விசாரித்தாள். மாணிக்கத்துக்கு ஒரே கண்ணென்றால் தூசி விழுந்தால் என்ன செய்யும்? ரிப்பனுக்கு இந்தக் குளிர் ஆகுமா? நன்றாகச் சண்டை போடாவிட்டால் அதுகளுக்கும் அரைப் பேர்தானா? கிளைவ் அடுப்புக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பாப்பா பிறந்த பிறகு இரண்டு பேரும் பால்மா, தடுப்பூசி, சளி தவிர வேறெதுவும் பேசிய ஞாபகம் இல்லை. இப்போது இவள் சிரிக்கிறாள். மாவுக் கையால் வாயை மறைத்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்னால் சிரித்தது மாதிரியே சிரிக்கிறாள்.

கையால் வாயை மறைக்கிற அந்தப் பழக்கம் பழையது. கல்யாணம் ஆன புதிதில் அவன் கெஞ்சிப் பார்த்தான், ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு என்று. அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருசமாக அவன் 'என்னங்க', 'இங்க பாருங்க', இப்போது 'பாப்பா அப்பா'. கிளினிக்கில் நர்ஸ் புருசன் பேர் கேட்டால் கூட அவள் கார்டைத்தான் நீட்டுவாள்.

அடுத்த ஞாயிறு வந்தது. வகுப்புக்குப் பேர் கொடுக்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. கதையில் கிளைவேந்தன் ஒரு பள்ளத்தாக்கின் வாசலுக்கு வந்து சேர்ந்தான். எதிரே பனை உயரத்துக்கு ஒரு நெருப்பு நாகம். கஜேந்திரனுடைய மந்திரவாதி வழக்கம்போல் பாதியில் நின்றுவிட்டான்.

கிளைவ் எழுந்து நின்றான். பென்சிலை வாளாக உயர்த்தினான். "பூதங்களே, பாயுங்க."

"எந்தப் பூதம்?" என்றார் கண்டாக்கையா.

"என் பூதங்கதான்."

"பேர் சொல்லுங்கண்ணே."

கிளைவ் யோசித்தான். மாணிக்கமா, முத்தா? பாயாசமா, பச்சடியா? ஒன்றும் பிடிபடவில்லை. கட்டையைப் போட்டான். மூன்று விழுந்தது.

சிவகரன் கொப்பியைத் திறந்து வாசித்தான். திங்கட்கிழமை சமையக்காரி பூதங்களுக்கு ரொட்டி போட்டா. செவ்வாய் ரொட்டியும் கட்டச் சம்பலும். புதன் பாயாசத்துக்கு வயிறு சரியில்லை, கஞ்சி. வியாழன் ரிப்பனுக்குக் கம்பளி போர்த்திவிட்டா. எல்லாம் அண்ணி தினமும் போனில் பேசி அனுப்பியது என்றான்.

கிளைவ் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"நான் ஆட்டத்துல இருக்கேன். அவ எப்படி வந்தா?"

"நீதானே மச்சான் எழுதச் சொன்ன" என்றான் கஜேந்திரன்.

றொசானா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. அவளுக்கு உயர்த்தவும் தெரியாது. காலையில் பெரட்டில் கேட்கிற மாதிரி மட்டும் கூப்பிட்டாள்.

"மாணிக்கம்."

"இருக்கேன்" என்றான் சிவகரன், தொண்டையைக் கட்டையாக்கி.

"ரிப்பன்."

"இருக்கேன்" என்று சீறினான்.

"அரிசிப்பல்லன்."

பல்லைக் கடகடவென்று அடித்துக் காட்டினான்.

"பாயாசம்."

இதற்குக் கஜேந்திரன் முந்திக்கொண்டான். வாயில் பிளேன்டியை வைத்துக்கொண்டே கொழகொழவென்று "இருக்கேன்" என்றான். பாயெல்லாம் தேநீர்.

நாலும் போய் நாகத்தைச் சுற்றி நிற்கட்டும், ஆனால் அடிக்க வேண்டாம் என்று றொசானா சொன்னாள். இந்தக் குளிரில் அது நெருப்பாகக் கக்குகிறதென்றால் வயிற்றில் ஒன்றும் இல்லாத எரிச்சலாக இருக்கும். முதலில் இரண்டு ரொட்டி கொடுத்துப் பார்க்கலாம். கட்டையை உருட்டினாள். இருபது. நாகம் ரொட்டியைத் தின்றுவிட்டு, தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது.

கிளைவேந்தன் வாளோடு தனியாக நின்றான். கிளைவும் பென்சிலோடு அப்படியேதான் நின்றான். ஆனாலும் விடுவானா? நாலு பூதம் போனால் என்ன, நான் எசமான், நான் யார் பேச்சையும் கேட்கத் தேவையில்லை, வாக்குக் கொடுத்ததெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்கு என்று சொல்ல வாயைத் திறந்தான்.

றொசானாவின் முகம் காது வரை சிவந்தது. பாப்பாவின் தலைக்குப் பின்னால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டாள். கை இரண்டிலும் பாப்பா. வாயைப் பொத்த வழி இல்லை.

"கிளைவ்" என்றாள்.

மூன்று வருசம் காத்திருந்த ஒரு சொல் காதில் விழுந்தால் மனுசன் என்ன யோசிப்பான்? ஒன்றும் யோசிக்க மாட்டான். அவனுக்கே தெரியாமல் வாய் சொல்லிவிட்டது.

"இருக்கேன்."

"உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பிள்ளைக் காம்பராங்க" என்றாள் றொசானா.

கண்டாக்கையா எழுதிக்கொண்டார்.

மறுநாள் அவள் வகுப்புக்குப் பேர் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு ஒன்றரை மணிக்கு, நல்ல சட்டை போட்டுக்கொண்டு கஜேந்திரனின் த்ரீவீலில் டவுனுக்குப் போனாள். ஐந்தரைக்கு பஸ்ஸில் திரும்பி வந்தபோது இஸ்தோப்பில் கஜேந்திரன் நாலு காலில் நின்றுகொண்டிருந்தான். முதுகில் பாப்பா. சிவகரன் பின்னால் பாம்பாக நெளிந்துகொண்டிருந்தான். கிளைவ் கஞ்சிக் கரண்டியோடு மூன்று பேரையும் துரத்திக்கொண்டிருந்தான்.

றொசானா பையிலிருந்து ஒரு சின்னச் சுருக்குப் பையை எடுத்து அவனிடம் நீட்டினாள். தாயக்கட்டை போட்டுவைக்க. முதல் நாள் சங்கிலித் தையல் சொல்லிக்கொடுத்தார்களாம். மேலே சிவப்பு நூலில் கோணல்மாணலாக 'கிளை' என்று இருந்தது.

கிளைவ் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. மிச்ச எழுத்து எங்க?"

றொசானா பாப்பாவைப் பார்த்தாள். தலை நிறையக் கஞ்சி. கவுனின் முதுகுப் பொத்தான்கள் முன்பக்கம் இருந்தன. ஒரு காலில் அவனுடைய காலுறை.

"பிள்ளை பாத்த லட்சணத்துக்கு," என்றாள், "இன்னைக்கு அரைப் பேர்தாங்க."