கார் ஷெட்டில் ஒரு ஏரி

கார் ஷெட் கதவுக்கு அடியில் கசிந்த தண்ணீர் தெருவுக்கு வந்துவிட்டது. பாலைவன அரிசோனாவில் தெருவில் தண்ணீர் ஓடினால் ஊரே எட்டிப் பார்க்கும். ஆர்வில் நிகார்ட் நாலு பழைய துண்டுகளைப் போட்டு அணை கட்டிப் பார்த்தார். தண்ணீர் துண்டுகளை நனைத்துவிட்டு, எதிர்வீட்டை நோக்கிச் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது.

உள்ளே இருப்பது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். ஷெட்டின் மூலையில் அவருடைய மீன்பிடிக் கூடாரம். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தொட்டியில் பெரிய ஐஸ் பாளம், பாளத்தின் நடுவில் ஒரு துளை, துளைக்குள் தூண்டில். எழுபத்திரண்டு வயசு மனுஷர் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து ஒரு மாதமாகத் தினமும் காலையில் அந்தத் துளையையே பார்த்துக்கொண்டிருந்தார். உருகின தண்ணீரை யாருக்கும் தெரியாமல் ஆரஞ்சு மரத்துக்கு ஊற்றிவிடுவார். இன்றைக்குத் தொட்டி விரிசல் விட்டுவிட்டது.

சொந்த ஊரான மினசோட்டாவில் இந்த ஜனவரியில் ஏரி கல்லாக உறைந்திருக்கும். மேலே லாரியே போகும். அதில் துளை போட்டுவிட்டு நாள் பூராவும் உட்கார்ந்திருப்பார். மீன் வந்தால் வரும், வராவிட்டால் போகும். மூக்கு நுனி மரத்துப்போய், ஒருத்தரோடும் பேசாமல் இருக்கிற அந்தச் சுகத்துக்கு ஆர்வில் ஏங்கினார். வெட்கத்தை விட்டு ஏங்கினார். இங்கே வருஷம் பூராவும் வெயில், நீச்சல்குளம், அரைக்கால் சட்டை போட்ட கிழவர்கள். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மனைவி மார்லிஸுக்கு மூட்டுவலி. சூடான ஊராகப் போங்கள் என்று டாக்டர் சொன்னதும், இரண்டு வருஷத்துக்கு முன்பு ஏரிக்கரை வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது அந்த வீட்டை வாங்க ஆள் வந்திருக்கிறது. விற்பனைப் பத்திரம் சமையலறை மேஜையில் பத்து நாளாகக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு வியாழன். "பேனா எழுத மாட்டேங்குது" என்று மார்லிஸ் இதுவரை மூன்று பேனாக்களைத் தூக்கிப் போட்டிருந்தாள்.

பத்திரம் வந்த அன்றே ஆர்வில் கேட்டார்: "ஊருக்கே திரும்பிப் போயிடலாமா?"

"எதுக்குங்க? இங்க எனக்கென்ன குறைச்சல்?"

மறுநாள் இன்னொரு தடவை கேட்டார்.

"பரவாயில்லைங்க. இருக்கட்டும்."

மூன்றாவது தடவை கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மினசோட்டாக்காரர்களிடம் காபி வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால் உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாவது தடவை சொல்வதுதான் நிஜம். இந்த ஊரில் யாருக்கும் அந்த நாசூக்கு தெரியவில்லை. பக்கத்து வீட்டு பெவர்லி டெக்சாஸ்காரி. ஒரு தடவை வேண்டாம் என்றால் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்விடுவாள். ஆர்வில் இப்படியே பதினோரு கேக்குகளைப் பறிகொடுத்திருந்தார்.

மார்லிஸ் மூன்றாவது தடவையும் வேண்டாம் என்றுவிட்டால் அதற்குமேல் அப்பீல் கிடையாது. கேட்காமல் இருக்கிறவரைக்கும் ஒரு நப்பாசையாவது மிஞ்சும். அவளுக்கு இந்த ஊர் ஒத்துப்போனது அவருக்கும் தெரிந்ததுதான். செவ்வாய்க்கிழமைதோறும் வெந்நீர்க் குளத்தில் பயிற்சி என்று போய்வருவாள். வரும்போது முகமெல்லாம் தெளிந்திருக்கும். கை மட்டும் சில்லென்றிருக்கும். மூட்டுவலிக்காரக் கை அப்படித்தான் போலிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார்.

"என்ன ஆர்வில், உங்க வீட்டுல ஆறு ஓடுது?"

பெவர்லி வாசலில் வந்து நின்றாள்.

"ஃப்ரிட்ஜ் கசியுதும்மா."

"ஷெட்டுலயா ஃப்ரிட்ஜ்?"

"சின்ன ஃப்ரிட்ஜ்."

"எங்க டக் நாப்பது வருஷம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பார்த்தவர்தானே. வரச் சொல்றேன்."

"வேண்டாம்மா. அவருக்கு எதுக்குச் சிரமம்?"

கேக்குக்கு ஒரே பேச்சில் திரும்பிப் போகிறவள், இதற்கு மட்டும் அசையவில்லை. அங்கிருந்தே புருஷனுக்குக் குரல் கொடுத்தாள். இரண்டு நிமிஷத்தில் டக் கருவிப் பையோடு வந்துவிட்டார். ஆர்வில் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஃப்ரிட்ஜ் இல்ல டக். உண்மையச் சொல்லிடறேன். மீனு. ஐஸ்ல போட்டு வச்சிருக்கேன். மார்லிஸுக்குத் தெரியாம ஒரு விருந்து வைக்கலாம்னு."

"எட்டு பேருக்கு வருமா?" என்று பெவர்லி கேட்டாள்.

"வரும்" என்றது ஆர்விலின் பாழாய்ப்போன வாய்.

"அப்ப நாங்க ரெண்டு பேரு, எதிர்வீட்டுல நாலு பேரு. நாளைக்கு மத்தியானம் வந்துடறோம். கேக்கு நான் கொண்டு வரேன். நீங்கதான் வேண்டாம்பீங்க. எங்களுக்குள்ள சாப்பிட்டுக்கறோம்."

அவர்கள் போய்ப் பத்து நிமிஷம் ஆகவில்லை, மார்லிஸ் வந்தாள். ஷெட் வாசலைத் தாண்டி அவள் உள்ளே வருவதில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான்களைப் பார்த்தால் தும்மல் வருகிறது என்பாள்.

"நாளைக்கு நம்ம வீட்டுல விருந்தாமே? பெவர்லி சொன்னா. என்ன விசேஷம்?"

ஆர்வில் நனைந்த துண்டு ஒன்றை எடுத்துப் பிழிந்தார்.

"சும்மாதான். வீடு வித்ததுக்கு" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பதே அவருக்கு உறைத்தது. மார்லிஸ் ஆரஞ்சு மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரிங்க. அப்ப காலைலயே கையெழுத்துப் போட்டுடலாம். நல்ல பேனாவா ஒண்ணு தேடி வைக்கிறேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தன் ஏரியைத் தன் வாயாலேயே விற்றாகிவிட்டது. போதாததற்கு எட்டுப் பேருக்கு மீன் வேறு வாங்க வேண்டும்.

மீன் கடையில் இருந்ததை எல்லாம் வாங்கி வண்டியை நிரப்பிக்கொண்டு, வழக்கமாகப் போகிற ஐஸ் ஃபேக்டரிக்குப் போனார். அங்கே எலீசியோ என்று ஒரு நடுத்தர வயசுக்காரன். ஒரு மாதமாக அவருக்கு ஐஸ் கொடுக்கிறான். எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அதனாலேயே ஆர்விலுக்கு அவனைப் பிடிக்கும்.

"இன்னிக்கு நாலு பாளம் வேணும்ப்பா."

"உங்க வண்டியிலதான் எடமே இல்லையே சார். வீட்டுக்கே கொண்டாந்து போட்டுடறேன். பேரும் விலாசமும் சொல்லுங்க."

"நிகார்ட். ஆர்வில் நிகார்ட்."

எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "அட, மார்லிஸ் அம்மா வீட்டுக்காரரா?"

"அவளை உனக்கு எப்படித் தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை தவறாம வருவாங்களே. கம்பளிக் கோட்டு, தொப்பி எல்லாம் பையில கொண்டாந்து, இங்கயே மாட்டிக்கிட்டு, ஐஸ் ரூம்ல ஒரு மணி நேரம் பேசாம உட்கார்ந்துட்டுப் போவாங்க. மூட்டு வலிக்கப் போகுதும்மாம்பேன். வலிச்சா வலிக்கட்டும்பாங்க."

ஆர்வில் பக்கத்தில் இருந்த ஐஸ் பாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கால்சட்டை நனைவதுகூட அவருக்குத் தெரியவில்லை.

எலீசியோ விலாசச் சீட்டைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"இவ்வளவு ஏக்கம் இருக்கே, ஊருக்குத் திரும்பிப் போகணும்னு வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வேண்டியதுதானேம்மான்னு இந்தச் செவ்வாய்க்கிழமைகூடக் கேட்டேன். 'அவர் ரெண்டு தடவை கேட்டாரு, மூணாவது தடவை எப்ப கேப்பாருன்னு காத்துக்கிட்டிருக்கேன்'னாங்க. அது என்ன கணக்கு சார்?"