செக்‌ஷன் தெரிந்த அப்பா

காலை எட்டரை மணிக்குள் செந்தாமரை மூன்று அப்பாக்களையும் ஒரு தாய்மாமனையும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியதில் அவளுக்கே சந்தோஷமில்லை. ஒரகடம் பக்கத்து அந்த இன்டர்நேஷனல் பள்ளியில் அன்றைக்குக் கலாச்சாரத் திருவிழா. பெற்றோர் எல்லோரும் அவரவர் ஊர் உடையில் வரவேண்டும் என்று சர்க்குலர் போயிருந்தது. வருகிறவர்களுக்கு போட்டோவோடு பாஸ் அடித்துக் கொடுக்கிற மிஷினோ ஏழு மணிக்கே படுத்துவிட்டது. தட்டினால் பச்சை விளக்கு எரியும். கையை எடுத்தால் சிவப்பு.

"மிஷின் கெடக்கட்டும்மா," என்றார் இசக்கிபாண்டி. அவர்தான் பள்ளியின் செக்யூரிட்டி ஆபீசர். ராணுவத்தில் இருபது வருஷம் இருந்தவர். மீசை இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. "எல்லா பேரண்ட்ஸையும் எனக்குத் தெரியும்னு நீதான சொன்ன? பாத்துப் பாத்து விடு. நான் ஸ்டேஜ் பக்கம் போயிட்டு வாரேன்."

சொன்னது நிஜம்தான். முந்நூறு குடும்பத்தையும் அவளுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

செந்தாமரை பதினாலு வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் செக்கிங்கில் நின்றவள். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு ஜோடி. தையல் கோணலா, பசை பிதுங்கியிருக்கிறதா, இடதும் வலதும் ஒரே அளவா என்று பார்த்துப் பார்த்து, மனிதர்களை எங்கே கண்டாலும் கண் முதலில் காலுக்குத்தான் போகும். முகம் மனசில் நிற்பதேயில்லை. பிரவுன் ஷூ, இடது லேஸ் நீளம் என்றால் கொரியாக்காரர் கிம் சார். குதிகால் உள்பக்கம் தேய்ந்திருந்தால் நிர்மலின் அம்மா. இந்த வித்தையை வைத்துக்கொண்டு ஆறு மாதமாக ஒரு தப்பில்லாமல் அந்தக் கேட்டைக் காத்திருக்கிறாள் என்றால் சாதாரண விஷயமா?

இன்றைக்குப் பார்த்து எல்லோரும் உடையை மட்டுமல்ல, செருப்பையும் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதலில் மாட்டியவர் கிம் சார்தான். பட்டுச் சட்டை, வழவழவென்று வெள்ளைச் செருப்பு.

"யார் சார் நீங்க?"

"நான் கிம்மா! டெய்லி வணக்கம் சொல்றேன்!"

அவர் மகள் ஓடிவந்து, "ஆன்ட்டி, டாடி!" என்று கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. நல்ல மனுஷன், சிரித்துக்கொண்டே போய்விட்டார். எல்லோரும் கிம் சார் ஆகிவிட முடியுமா?

காவலறையில் தொங்கிய வெள்ளைப் பலகையை அவள் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று தலைப்பு. சனிக்கிழமை திருவிழா. திங்கள் யூனிட் டெஸ்ட். அதற்குக் கீழே சிவப்பு மையில்: 'இம்மாதத்துக்குள் செக்யூரிட்டி ஏஜென்சி சோதனை. சம்பந்தமில்லாத ஆள் ஒருவர் உள்ளே நுழையப் பார்ப்பார்.' அதற்கும் கீழே இசக்கிபாண்டி தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'விடுகிற ஆள் யார்டுக்கு. ஒரே நாளில் மூன்று புகார் வந்தாலும் யார்டுக்கு.'

யார்டு என்றால் அதே ஏஜென்சி காவல் பார்க்கும், சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கன்டெய்னர் யார்டு. அங்கே உட்காரவே கூடாது. பன்னிரண்டு மணி நேரமும் நடை. இந்தப் பள்ளிக்கூடத்திலோ செந்தாமரைக்கு ஒரு நாற்காலி இருந்தது. நீல பிளாஸ்டிக், ஒரு கால் லேசாக ஆடும், அடியில் அட்டை மடித்து வைத்திருந்தாள். பதினாலு வருஷம் நின்ற உடம்புக்கு அதுதான் சிம்மாசனம். வேலையில் சேர்ந்த அன்று வீட்டுக்குப் போனதும், "எனுக்கு சேர் குட்த்துக்கிறாங்கடி!" என்றுதான் மகளிடம் முதலில் சொன்னாள். இன்றோடு மாதம் முடிகிறது. இன்று ஒருநாள் தாண்டிவிட்டால் போதும்.

சரி, செருப்பு கைவிட்டுவிட்டது. வேறு வழி பார்த்தாள்.

"சார், புள்ள பேரு, கிளாஸு, செக்‌ஷன் சொல்லுங்க. சொன்னா உள்ள போலாம்."

நல்ல யோசனைதான். அப்பாக்கள் மட்டும் இல்லாதிருந்தால்.

அடுத்து நின்றவர் ஹேமந்த். பெரிய கார் கம்பெனியில் பிளான்ட் ஹெட். எந்த போல்ட் எந்த ரேக்கில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்று பெயர்.

"பேரு நிர்மல். கிளாஸ்... ஏழு."

"எட்டு," என்றாள் பின்னால் நின்ற மனைவி ஜாஸ்மின்.

"ஆங், எட்டு. செக்‌ஷன்... ஏ?"

"ஏ-வா சார்? இல்ல, என்னாண்ட கேக்கறீங்களா?"

"நல்லாக் கேளும்மா," என்றாள் ஜாஸ்மின். "நானும் எட்டு வருஷமா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

வரிசை முழுக்கச் சிரித்தது. பெண்கள் சத்தமாக, ஆண்கள் பயந்துகொண்டு. அடுத்த நிமிஷம் வரிசையில் இருந்த அப்பாக்கள் எல்லோரும் போனை எடுத்து வீட்டுக்கு அடிக்க ஆரம்பித்தார்கள். ஹேமந்த் முகம் சிவந்து புகார் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி நாலு வரி கிறுக்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர் மகளை 'டென் சி' என்றார்; மகள் படித்ததோ ஆறாம் வகுப்பு. அவரும் எழுதினார். ஆயிற்று, இரண்டு புகார்.

வரிசை ரோட்டைத் தொட்டது. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. படப்பை ஷேர் ஆட்டோக்காரன், "இன்னாக்கா, ரேஷனா குடுக்கறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். உள்ளே மைக் வேறு மூன்றாவது தரமாகக் கத்திக்கொண்டிருந்தது. "ஒன்பதாம் வகுப்பு பி செக்‌ஷன் பகலவன், எங்கிருந்தாலும் உடனே மேடைக்குப் பின்னால் வரவும்!"

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, காலில் புத்தம்புது ரப்பர் செருப்பு. ஐம்பது வயசு இருக்கும்.

"மகன் பேரு பகலவன். ஒன்பது பி," என்றார், கேட்பதற்கு முன்னாலேயே.

வரிசையிலிருந்த அம்மாக்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பாருங்க, இவரும் அப்பாதான்," என்றாள் ஜாஸ்மின் புருஷனிடம்.

செந்தாமரை மட்டும் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். காலையிலிருந்து இருபத்தாறு அப்பாக்களைக் கேட்டாயிற்று. ஒருத்தர்கூட போன் போடாமல் செக்‌ஷன் சொல்லவில்லை. இவர் சொல்லிவிட்டார். அதெப்படி?

"வூட்ல அம்மா வர்லியா சார்?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

அவள் காலைப் பார்த்தாள். புதுச் செருப்பு ஒன்றும் சொல்லவில்லை. பகலவனின் அப்பா ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார். சேஃப்டி ஷூ, இடது பக்கத்தை லேசாக இழுத்து நடப்பார். இவர் நேராக நடந்து வந்தார். இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனை நீ அப்பா இல்லை என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடிக்க வரமாட்டார்களா?

"ஒரு நிமிசம் சார். வயசானவரு, நிக்காதீங்க." தன் நீல நாற்காலியை இழுத்துப் போட்டாள். அட்டையைச் சரியாக வைத்தாள். "குந்துங்க. தண்ணி குடிங்க. ஆனா உள்ள வுட மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் நின்றாள்.

இப்போது மூன்றாவது யோசனை. ஆயா ராஜம்மாவைக் கூப்பிட்டு, "அக்கா, வெளிய நிக்கிறவங்க புள்ளைங்கள இட்டாந்துரு. அதுங்களே அப்பா அம்மாவ காட்டட்டும்," என்றாள்.

ராஜம்மா போய்ச் சொன்னது நாற்பது பிள்ளைகளுக்கு. வந்தது நூற்றைம்பது. மயில் வந்தது, புலி வந்தது, விசிறி நடனக் குழு விசிறியோடு வந்தது. மேடை காலியாகிவிட்டது. "இதான் எங்கம்மா! இது எங்கப்பா! இது எங்க சித்தப்பா, இவர விடாதீங்க ஆன்ட்டி!" என்று ஒரே களேபரம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் ஒரு பிள்ளை கேட்டைத் தாண்டவில்லை. அடையாளம் காட்டாத ஒரு ஆள் உள்ளே போகவில்லை. ஒற்றைக் கையில் கேட்டையும் இன்னொரு கையில் புலியின் வாலையும் பிடித்துக்கொண்டு நின்றாள் அந்தப் பொம்பளை.

கடைசியாகப் பகலவன் வந்தான். ராஜா வேஷம், ஒரு பக்கம் தொங்குகிற மீசை.

"தம்பி, உங்கப்பா குந்தினுக்கிறாரு பாரு."

அவன் நாற்காலியில் இருந்தவரை மேலும் கீழும் பார்த்தான். "இவரா? யாருன்னே தெரியாது ஆன்ட்டி."

கூட்டம் குபீரென்று சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? போன மாதம் பரீட்சை நேரத்தில் தீயணைப்பு மணியை அடித்தவன் இவன். இயற்பியல் லேபில் பாம்பு என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தையே மைதானத்தில் நிற்க வைத்தவனும் இவன்தான்.

"போனைப் பிடுங்கி வச்சேன். அந்தக் கோபம்," என்றார் நாற்காலிக்காரர், தலையைக் குனிந்துகொண்டு.

"பாவம்," என்றார்கள் அம்மாக்கள். பகலவன் தோளைக் குலுக்கிவிட்டு, சிம்மாசனக் காட்சிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.

செந்தாமரை அசையவில்லை. "புள்ள தெரியாதுன்னு சொல்ட்ச்சு சார். நான் வுட முடியாது."

நாற்பது நிமிஷம். அவர் உட்கார்ந்திருந்தார், அவள் நின்றாள். வரிசை எல்லாம் உள்ளே போய்விட்டது. அவர் ஒருவர்தான் பாக்கி. அந்த நேரத்தில்தான் இசக்கிபாண்டி பறந்து வந்தார்.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க! ஸ்டேஜ்ல அவ்வளவு நேரம் ஒரு பிள்ளையில்ல, சீஃப் கெஸ்ட் காரு வரிசைக்குப் பின்னால கெடந்து இப்பத்தான் உள்ள வருது! யாரு இவரு?"

"பகலவன் அப்பான்னு சொல்றாரு சார். செக்‌ஷன்லாம் கரெக்டா சொல்ட்டாரு. அதான் சந்தேகமா கீது."

"சரியாச் சொன்னதுக்கா சந்தேகம்?"

"அப்புறம்... நடையும் சரியில்ல சார்."

"நடையப் பாத்தா ஆள விடுத? பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" இசக்கிபாண்டி நாற்காலிக்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிருங்க சார். நானே கூட்டிட்டுப் போறேன். முதல் வரிசையில உக்காருங்க."

அவர் எழுந்தார். "அந்தப் புகார் ரிஜிஸ்டரை நான் கொஞ்சம் எடுத்துக்கலாமா?" என்றார் மெதுவாக.

மூன்றாவது புகார். செந்தாமரைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கேட்டைப் பூட்டிவிட்டு, காலியான நாற்காலியைத் துடைத்து ஓரமாக வைத்தாள். அதற்கப்புறம் அன்றைக்கு அவள் அதில் உட்காரவேயில்லை. யார்டுக்கு இப்போதிருந்தே பழகிக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

சாயந்தரம் நாலு மணி. விழா நன்றாகவே முடிந்தது. கூட்டம் கலைந்தபின் பிரின்சிபால் லிசா மேடம் ரிஜிஸ்டரோடு காவலறைக்கு வந்தார். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. மேடம் தமிழில் வாசித்தார்.

"முதல் புகார், ஹேமந்த். 'கேட்டில் தேவையில்லாத கேள்வி கேட்கிறார்கள்.' அதுக்குக் கீழயே இன்னொரு கையெழுத்து. 'இந்தப் புகாரை ஏற்க வேண்டாம். இப்படிக்கு, இவர் மனைவி.' ரெண்டாவதுக்குக் கீழயும் அதே மாதிரிதான் இருக்கு."

"மூணாவதுதான் மேடம் பெருசு," என்றார் இசக்கிபாண்டி. "அரைப் பக்கம் எழுதியிருக்காரு பகலவன் அப்பா. பாவம், ரிஜிஸ்டர என் கையில குடுத்துட்டு, சொல்லாம கொள்ளாம போயிட்டாரு."

செந்தாமரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேடம் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். "'இந்தக் கேட்டில் வேலை தெரிந்தவர் இந்த அம்மா ஒருவர்தான். தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றார். தண்ணீர் கொடுத்தார். வழி மட்டும் கொடுக்கவில்லை. எந்தக் காரணத்துக்காகவும் இவரை இந்த நாற்காலியிலிருந்து எழுப்பக் கூடாது. மற்றவை திங்கட்கிழமை.' அவ்வளவுதான்."

செந்தாமரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பெரிய மனுஷன்!" என்றார் இசக்கிபாண்டி. "நாப்பது நிமிசம் காக்க வச்சதுக்கு யாராவது இப்படி எழுதுவானா? அவரைப் போய் அந்தப் பய தெரியாதுன்னு சொல்லிட்டானே. ராஜம்மா, கூட்டிட்டு வா அவனை. மேடம் முன்னால மன்னிப்புக் கேக்கட்டும்."

ராஜம்மா போனாள். இசக்கிபாண்டி டஸ்டரை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் போனார். "எப்படியோ, மாசம் முடிஞ்சுது. சோதனைக்குன்னு ஒரு பய உள்ள நுழையல. நம்ம டீம் பாஸு!" என்று சிவப்பு மை வரியில் டஸ்டரை வைத்தார்.

பகலவன் மீசையைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"பெத்த அப்பாவ தெரியாதுன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேளுலே," என்றார் இசக்கிபாண்டி.

"கேக்கறேன் சார். ஆனா எங்கப்பா ஜெர்மனி போய் பத்து நாள் ஆச்சு. நீங்க கையைப் புடிச்சி உள்ள கூட்டிட்டு வந்தீங்களே, அவரு யாரு சார்?"