மூன்று வேளை, இருபத்தேழு முறை

வருகை பன்னிரண்டு மடங்காகிவிட்டது. போன் மணி மட்டும் ஒரு தடவைகூட அதிகமாக அடிக்கவில்லை. தையல் மெஷின் பழுது பார்க்கும் அந்த மெக்கானிக் பெண்ணுக்கு இதுதான் விளங்கவில்லை.

அவளுடைய இணையதளத்துக்கு முன்பெல்லாம் நாளொன்றுக்கு முப்பது வருகை. அதில் இரண்டு பேர், "நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். இப்போது முந்நூற்றைம்பத்து நாலு. கூப்பிடுவதோ அதே இரண்டு பேர். மீதிப் பேரெல்லாம் மௌன விரதமா?

இந்தப் பெருக்கத்துக்குக் காரணகர்த்தா ஏற்றச் சித்தர். காவி கட்டாத சித்தர். கோட்டு போட்டவர், கழுத்தில் மேல்நோக்கிய தங்க அம்புக்குறி. இணையதளத்தின் வருகை ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டைப் பார்த்ததும் கண்ணை மூடுவார். "கோடு படுத்திருக்கிறது. உங்கள் தளத்துக்கு வெட்கம்" என்பார். தளத்துக்கு வெட்கமாம்! கேட்டவர்கள் ஒருவரும் வெட்கப்படவில்லை. காணிக்கையைக் கொடுத்துவிட்டுப் பரிகாரம் கேட்டார்கள்.

பரிகாரம் இரண்டு பாகம். ஒன்று, அவர் உருவேற்றிய 'எண்ணும் பெட்டி' என்ற வருகைக் கணக்கியைத் தளத்தில் பொருத்த வேண்டும். இரண்டு, காலை ஆறு, நண்பகல் பன்னிரண்டு, மாலை ஆறு ஆகிய மூன்று வேளையும் மனமுருகித் தன் தளத்தைத் திறந்து மூட வேண்டும், இருபத்தேழு முறை. குடும்பத்தோடு செய்தால் பலன் பெருகும். பெருகாமல் என்ன செய்யும்?

ஞாயிறுதோறும் வாடகை மண்டபத்தில் தரிசனம். மாடிப்படியிலிருந்து தெருமுனை வரை வரிசை. ரொட்டிக் கடைக்காரர், டியூஷன் டீச்சர், நாய் பழக்குபவர் எனப் படித்தவர், படிக்காதவர் பேதமில்லை. மூடநம்பிக்கை ஒன்றுதான் உண்மையான சமத்துவவாதி.

அந்த வரிசையில் மெக்கானிக்கின் கணவரும் நின்றார். பஸ் டிரைவர், சீட்டுக் கிழிப்பதும் அவரே. பதினாறு வருஷம் ஒரே வழித்தடம். சனிக்கிழமை சாப்பிடும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நாளான்னைக்கு டிப்போவுல குடுத்துடப் போறேன். வேலைய விட்டுட்டு உன்கூடவே கடையில உக்காந்துடறேன்."

"என்னங்க, விளையாடறீங்களா? ரெண்டு போனுக்கு ரெண்டு பேரு எதுக்கு?"

"முந்நூத்தம்பது பேரு வராங்கம்மா! இன்னைக்கு வேடிக்கை பாக்கறவன் நாளைக்கு மெஷினத் தூக்கிட்டு வருவான். சித்தர் சொல்லிட்டாரு."

"அண்ணன் சொல்றது சரிதான் அண்ணி" என்றான் கொழுந்தன். மணி ஆறு, மாமியார் தளத்தைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பதினேழு, பதினெட்டு... மெக்கானிக்கும் போனை எடுத்தாள். அவளுக்கு நம்பிக்கையில்லை, ஆனால் வீட்டில் சண்டை வேண்டாமென்று அவளும் விரல் வலிக்கத் தட்டிக்கொண்டுதான் இருந்தாள். முட்டாள்தனத்துக்குப் பாதி ஆள்பலம் இப்படித்தான் சேருகிறது.

தட்டி முடித்ததும் அன்றைய கோட்டை மணிவாரியாகப் பிரித்துப் பார்த்தாள். நாள் முழுவதும் தரையோடு கிடந்த கோடு மூன்றே இடத்தில் கொம்பு முளைத்து நின்றது. ஆறு, பன்னிரண்டு, ஆறு.

'ஊர்ல இருக்கற தையல்காரங்களுக்கெல்லாம் ஒரே நேரத்துலயா மெஷின் கெட்டுப்போகும்?'

மெஷின் கடகடத்தால் அவள் செய்வது ஒன்றுதான். ஒவ்வொரு பாகமாகக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பாள். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, கோளாறு அங்கே. ஒரு காகிதத்தில் எழுதினாள். வீட்டில் நாலு பேர். ஆளுக்கு இருபத்தேழு. மூன்று வேளை. முந்நூற்று இருபத்து நாலு. முந்நூற்றைம்பத்து நாலிலிருந்து கழித்தாள்.

முப்பது. பழைய முப்பது, பத்திரமாக அப்படியே.

காகிதத்தைக் கணவரிடம் நீட்டினாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சித்தருக்குத் தெரியாத கணக்கா உனக்குத் தெரிஞ்சுடுச்சு?"

மறுநாள் மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடைத் திரையில் பக்தர்களின் தளங்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரே கோடு; அடியில் தளவாரியாக எண்ணிக்கை. நண்பகலில் எல்லோரும் தட்டத் தட்ட அது எகிறும். கூட்டம் கண்ணீர் விடும். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில், துணிக்கூடையோடு எழுந்தாள் மெக்கானிக்.

"சாமி, ஒரு சந்தேகம். வரவங்க எல்லாம் வெளியாளுங்கதானே?"

"ஆம் மகளே. எட்டுத் திக்கிலிருந்தும் வருகிறார்கள்."

"அப்ப நம்ம போன் எதுக்கு? இன்னைக்கு ஒரு நாள் எல்லாரும் போனை அணைச்சு இந்தக் கூடையில போடுவோம். எட்டுத் திக்குக்காரங்க வராங்களான்னு பாத்துடலாம்."

கணவர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். சித்தர் கண்ணை மூடினார். "நம்பிக்கை இல்லாதவர் இருக்கும் இடத்தில் அலை எழாது."

"அவ்வளவுதானே? நான் வாசலுக்கு வெளியில போய் நிக்கறேன். நம்பறவங்க உள்ள இருங்க."

"அதானே!" என்றார் ரொட்டிக் கடைக்காரர். "நிஜமாயிருந்தா வந்துட்டுப் போகுது. போடுங்கய்யா போனை!"

கூடை நிரம்பியது. பன்னிரண்டு அடித்தது. கோடு அசையவில்லை. பாயில் படுத்த சோம்பேறிபோல் கிடந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். திடீரென்று ஒரு சின்ன மேடு.

"பார்த்தீர்களா!" என்று துள்ளினார் சித்தர். "எட்டுத் திக்கும் வணங்குகிறது!"

"எத்தனை?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

டியூஷன் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையில் படித்தார். "இருபத்தேழு. நாய் பழக்குபவர் தளம்."

நாய் பழக்குபவர் தலையில் கை வைத்தார். "அது எங்கம்மா! முட்டி வலின்னு வீட்டுலயே இருக்காங்க!"

மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. சிரித்து ஓய்ந்து மேடையைப் பார்த்தபோது அங்கே கோட்டும் இல்லை, சித்தரும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்றாராம். எந்தக் கிணற்றைத் தேடிப் போனாரோ, இதுவரை திரும்பவில்லை.

டிரைவர் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "பதினாறு வருஷம் பஸ் ஓட்டறேன்" என்றார் மெதுவாக. "என்னையே பயணின்னு எண்ணி ஒருநாளும் சீட்டுக் கிழிச்சதில்ல."

"இனிமேலும் கிழிக்காதீங்க" என்றாள் மெக்கானிக்.

அன்று மாலையே எண்ணும் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று பொருத்தினாள். வீட்டுப் போன்கள் நாலையும் கணக்கில் சேர்க்காதே என்று அதற்குச் சொல்லி வைத்தாள். ஒரு நாள் ஏறினால் குதிப்பதில்லை, இறங்கினால் அழுவதில்லை. திங்களைப் போன திங்களோடும், ஞாயிறைப் போன ஞாயிறோடும் ஒப்பிட்டாள். வந்தவர்களில் பாதிப் பேர் முதல் பக்கத்தோடு திரும்புவது அப்போதுதான் தெரிந்தது. போன் நம்பர் அடியில் ஒளிந்திருந்தது. அதை மேலே தூக்கி வைத்தாள். வருகை அதே முப்பது. கூப்பிடுகிறவர்கள் இப்போது ஐந்து பேர்.

கண்ணாடிக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டு, ஊரே தன்னைக் கும்பிடுகிறது என்று பூரிக்கிற பெரியோர்களே, வழி மிகவும் எளிது: யார் வந்தார்கள் என்று எண்ணுவதற்கு முன்னால், உங்களைக் கழித்துவிடுங்கள்.