பாக்டீரியா சாரும் அரசாங்க ரகசியமும்

கோவிலம்பாக்கத்தில் தொடங்கிப் படப்பை வரை சல்லடை போட்டுத் தேடினாலும், பாக்டீரியா சாரைப் போல வாயை மூடத் தெரியாத இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். அப்பேர்ப்பட்டவரைப் பார்த்துத்தான் அரசாங்கம் தேசப் பாதுகாப்பு வேலையில் சேர்த்துக்கொண்டது.

சேலையூர் பக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர் எனக்கு எதிர் வீடு. ஆரம்பத்தில் ஒரு தடுப்பூசி ஆராய்ச்சிக் கூடத்தில் கிருமி வளர்க்கும் வேலை. பட்டப்பெயர் அதில் வந்தது. நாய் வளர்ப்பவர்கள் நாயைப் பற்றிப் பேசுவார்கள் அல்லவா, இவர் கிருமிகளைப் பற்றி அந்தப் பாசத்தோடு பேசுவார். ஒருநாள் என் மனைவி அவர் வீட்டுக்கு உறை மோர் கேட்டுப் போனாள்.

"தாராளமா வாங்கிக்கங்கம்மா. ஆனா உள்ள யார் யார் இருக்காங்கன்னு தெரிஞ்சு வாங்கிட்டுப் போங்க" என்று ஆரம்பித்தார். அவள் திரும்பி வருவதற்குள், உறை ஊற்ற வைத்திருந்த பால் பொறுமையிழந்து தானாகவே திரிந்துவிட்டது.

பிறகு செயற்கை நுண்ணறிவு வந்தது. ஆராய்ச்சிக் கூடத்தில் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்குகளைக் கம்ப்யூட்டர் மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துக் கொடுத்ததாம். சார் அசரவில்லை, அந்தக் கம்ப்யூட்டர் வித்தையையே கற்றுக்கொண்டு அந்தப் பக்கம் தாவிவிட்டார். "என் பொழப்புல மண்ணைப் போட்டவன் வீட்லயே போய் வேலைக்குச் சேர்ந்துட்டேன் சார்" என்றார்.

அந்த உற்சாகத்தில், எங்கள் வாசலில் அடிக்கடி நுழையும் எருமைகளைக் கண்டுபிடிக்க ஒரு கேமரா வைத்துக் கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள், தோளில் துண்டோடு நடைப்பயிற்சி முடித்து வந்தவர் எங்கள் சங்கச் செயலாளர் தங்கராஜ். ஒலிபெருக்கி கணீரென்று, "மாடு உள்ளே வருகிறது" என்றது. செயலாளர் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க, அதுக்குப் பயிற்சி பத்தலை" என்று சார் சமாதானம் சொன்னார். "தினம் நாலஞ்சு வாட்டி வந்து வந்து போனீங்கன்னா கத்துக்கும்."

செயலாளர் அன்றிலிருந்து பின்வாசல் வழியாகத்தான் வந்தார்.

கிருமியும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும் என்றால் சும்மா விடுவார்களா? எதிரி யாராவது நாட்டுக்குள் கிருமியை அவிழ்த்துவிட்டால் முன்கூட்டியே மோப்பம் பிடிக்கும் வேலைக்கு அரசாங்கம் அவரைக் கூப்பிட்டது. விசாரிக்க மப்டியில் ஒரு அதிகாரி வந்தார். வாட்ச்மேன் ஏழுமலையிடம், "அவர் யார்கிட்டயாவது அதிகமாப் பேசுவாரா?" என்று கேட்டார்.

"யார்கிட்ட பேச மாட்டாருன்னு கேளு சார், சொல்றதுக்கு ஈஸியா கீது. ஆளு இல்லாங்காட்டி தூணாண்ட பேசிகினு இருப்பாரு. ஒரே பேஜாரு. ஆனா தங்கமான மன்சன்."

கடைசி வரியை மட்டும் எழுதிக்கொண்டு போனார் போலிருக்கிறது, வேலை கிடைத்துவிட்டது. அன்றோடு சாரின் பேச்சு நின்றது.

"புது ஆபீஸ்ல என்ன வேலை சார்?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாது."

"மதியம் சாப்பாடு அங்கேயேவா?"

வெகுநேரம் யோசித்தார். "அதையும் சொல்லக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன்."

அவர் மனைவி விமலாவுக்கு முதல் வாரம் பண்டிகை மாதிரி இருந்தது. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து கண்கலங்கினார். "அண்ணா, சாம்பார்ல உப்பு இல்லைன்னாகூடச் சொல்ல மாட்டேங்கிறார். எல்லாத்தையும் முழுங்கி முழுங்கி ஆளே பாதியாயிட்டார். பயமா இருக்கு." உண்மைதான். பால்கனியில் நின்று, கோவளத்தில் வலையிலிருந்து கொட்டிய மீன் போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

அந்த ஐப்பசி மழையில் எங்கள் குடியிருப்புக் குழந்தைகள் ஒவ்வொன்றாகக் காய்ச்சலும் வாந்தியுமாகப் படுத்தன. என் மகள் நிலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசலில் பானிபூரி விற்கும் முருகன்தான் காரணம் என்று செயலாளர் முடிவு கட்டிவிட்டார். மாற்று உடை எடுக்க நான் வீட்டுக்கு வந்தபோது, நாலைந்து பேர் அவன் வண்டியைக் கவிழ்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"என் புள்ளையும் இதைத்தான் சார் துன்னுது" என்று முருகன் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது ஆபீஸிலிருந்து வந்து இறங்கிய பாக்டீரியா சார் கூட்டத்தைப் பார்த்தார். "இது ரகசியத்துல வராது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அடுத்த நொடி செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டது போல ஆயிற்று.

"வண்டியை விடுங்க. யார் வீட்ல குழந்தைக்கு முடியலை? அது பானிபூரி சாப்பிட்டுச்சா? குழாய்த் தண்ணி குடிச்சுதா, கேன் தண்ணியா?"

நிலா பானிபூரியைத் தொடமாட்டாள். தினமும் தின்னும் செயலாளரின் பேரனோ எங்கள் காலுக்கு நடுவே ஓடி விளையாடிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் கேன் தண்ணீர். படுத்த குழந்தைகள் எல்லாரும் குழாய்த் தண்ணீர் வீட்டார். சார் நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னார். அடித்த நாற்றத்தில் செயலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். மழையில் சாக்கடை உள்ளே கசிந்திருந்தது. செயலாளர் முருகனின் வண்டியை அவரே தள்ளிப் பழைய இடத்தில் நிறுத்தினார்.

சார் ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சார் பேச ஆரம்பித்ததும் டாக்டர் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார். கடைசியில் மருந்தை மாற்றினார்.

காய்ச்சல் இறங்கிய மறுநாள் பிற்பகல் சார் மறுபடி வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அந்தக் கிருமியின் குடும்பக் கதையை நிலாவுக்குச் சொன்னார். அது வாலை ஆட்டிக்கொண்டு எப்படி நீந்தும் என்று விரலால் காட்டினார். ரொம்ப நாள் கழித்து என் மகள் சிரித்தாள்.

நர்ஸ் வந்து என்னிடம், "பார்வை நேரம் முடிஞ்சு போச்சு சார். அவரைக் கிளம்பச் சொல்லுங்க" என்றார்.

"இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டுமே சிஸ்டர்" என்றேன்.