அத்தை உட்கார்ந்தால் எரியும் அடுப்பு

பஸ் போய்விட்டது. நான் அது போன திசையிலேயே, மன்னார்குடியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு டிராக்டர் பின்சக்கர ட்யூப். அதற்குள் மாட்டுச் சாண வாயு. உங்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்டக்டரிடம் அப்படிச் சொல்லாததால்தான் ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டியதாகிவிட்டது.

“என்னய்யா இது?” என்று அவர் கேட்டார்.

“ட்யூப்புங்க.”

“அது தெரியுது. உள்ள என்ன?”

“காத்துங்க.”

“காத்து எதுக்குய்யா இப்படி நாறுது?”

அதற்கு மேல் பொய் சொல்ல வரவில்லை. சாண வாயு என்றதும் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், பிறகு விசில் சத்தம் கேட்டது. மரியாதையாகத்தான் இறக்கிவிட்டார்கள். ட்யூப்பை இறக்க இரண்டு பேர் கைகூடக் கொடுத்தார்கள் (அவ்வளவு அவசரம்).

ஆனி மாதம். வாய்க்காலில் அப்போதுதான் தண்ணீர் வந்து குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. வயலில் குனிந்திருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள்.

“ஏண்ணே, தண்ணி முழங்காலுக்குக்கூட வரல. அதுக்குள்ள நீச்சலா?”

“நீச்சல் இல்லக்கா. டிராக்டரத் தொலைச்சிட்டாரு. சக்கரம் மட்டும்தான் மிஞ்சிச்சு.”

நான் சிரித்துக்கொண்டே போனேன். சிரிக்கிற நிலையில் இல்லை என்பது வேறு விஷயம். அன்று மதியத்துக்குள் புகையில்லாமல் ஒரு வேளை சோறு பொங்காவிட்டால் என் மனைவி என்னை விட்டுவிட்டுப் பூதலூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். நிலைமை அதுதான்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதன்பின் விட்ட வேலைகளுக்குக் கணக்கில்லை. எனக்கும் என் மனைவி கவிதாவுக்கும் மன்னார்குடிக்கு வெளியே ஒரு லைன் வீட்டில் வாசம். ஒரு அறை, ஒரு சமையலறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். முதல் நூறு யூனிட் கரண்ட் இலவசம் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். அது வீட்டுக்காரருக்கு. எங்களுக்கு அவர் தனியாக ஒரு சின்ன மீட்டர் வைத்து, முதல் யூனிட்டிலிருந்தே காசு வாங்கினார். சிலிண்டர் தீர்ந்தது. அடுத்தது வாங்க முடியவில்லை. சரி என்று கரண்ட் அடுப்புக்கு மாறினோம். பில் வந்த அன்று அந்த அடுப்பைத் துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே வைத்து, பரண்மேல் ஏற்றினோம். பிறகு தென்னை மட்டை. அந்தப் புகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் வந்து, “இனி விறகு எரிச்சா வீட்டைக் காலி பண்ணிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் நாங்கள் கண்டுபிடித்தது போர்வைச் சோறு. பக்கத்துப் போர்ஷன் ஜெயந்தி அக்கா அடுப்பில் அரிசியை ஒரு கொதி மட்டும் விட்டு எடுத்துவந்து, பானையோடு கம்பளிப் போர்வையில் சுற்றி மூலையில் வைப்பாள் கவிதா. ஒரு மணி நேரத்தில் பாதி வெந்திருக்கும். மீதியை நாங்கள் வாயில் வேகவைத்துக்கொள்வோம். ஆனி வெயிலில், ஃபேனும் போடாமல் நாங்கள் வேர்த்து வடிந்துகொண்டிருக்க, எங்கள் வீட்டில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தது சோறு மட்டும்தான்.

இந்தச் செய்தி எப்படியோ பூதலூர் வரை போய்விட்டது. அத்தை போன் செய்தார். எனக்கில்லை, கவிதாவுக்கு. நான் மூன்றாவது வேலையை விட்ட நாளிலிருந்து அவர் என்னிடம் நேராகப் பேசுவதில்லை. “துணிமணியெல்லாம் எடுத்து வை. நாளைக்கு மத்தியானம் வரேன். கையோட அழைச்சிட்டு வந்துடுவேன்” என்று மகளிடம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் அப்போது நீடாமங்கலம் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். கவிதா போனில் அழவில்லை. அவள் அழுகிற ரகம் இல்லை.

“அம்மா வந்ததும் அடுப்புல சோறு கொதிக்கிறத அவங்க கண்ணால பாக்கணும். புகை வரக்கூடாது. அவ்ளோதாங்க. மீதிய நான் பேசிக்குவேன். ஏதாச்சும் பண்ணுங்க.”

பண்ணையில் சாண வாயுத் தொட்டி இருந்தது. பால் காய்ச்சுவது, தீவனம் வேகவைப்பது எல்லாம் அதில்தான். மறுநாள் காலை பண்ணைக்காரரிடம் ஒரு நாள் லீவு கேட்டேன். லீவு எடுத்தால் வேலை கிடையாது என்றார். அப்படியானால் வேலை வேண்டாம், கொஞ்சம் வாயு கொடுங்கள் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். “சாணி வாயுதானே, எடுத்துக்கிட்டுப் போய்த் தொலை” என்று கொட்டகையில் கிடந்த, ஒட்டுப் போட்ட பழைய ட்யூப்பைக் காட்டினார். வேலையை விட்டுப் பொருளோடு வெளியே வந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. ட்யூப்பை அறையில் போட்டேன். பாதி அறை அதுவே ஆகிவிட்டது. ஒரு ரப்பர் குழாயைச் சமையலறைக்கு இழுத்துப் பழைய கேஸ் அடுப்பில் மாட்டினேன். பர்னருக்குக் கீழே உள்ள துளையைக் கோணூசியால் பெரிதாக்கினேன் (பண்ணையில் கற்ற ஒரே வித்தை). கவிதா தீக்குச்சியைக் கிழித்தாள். நீல நிறத்தில், மின்மினிப் பூச்சி அளவில் ஒரு தீ வந்தது.

“இதுல சோறு பொங்கணும்னா அம்மா தீபாவளிக்குத்தான் வரணும்” என்றாள்.

எனக்குக் கால் வலித்தது. போய் ட்யூப்மேல் உட்கார்ந்தேன். உடனே சமையலறையிலிருந்து, “ஏங்க! ஏங்க! என்ன பண்ணுனீங்க?” என்று சத்தம். எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தேன். மின்மினி. திரும்பி வந்து உட்கார்ந்தேன். “வந்துடுச்சு!” எழுந்தேன். “போயிடுச்சு!”

ஆக, ஒருவர் உட்கார்ந்தால்தான் அடுப்பு எரியும். ட்யூப்மேல் ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பைப் போட்டு மூடினோம். பார்ப்பதற்குப் பணக்கார வீட்டு இருக்கை மாதிரி இருந்தது. நான் உட்காருவது, அவள் சமைப்பது என்று ஏற்பாடு. அரிசி உலையில் விழுந்த நேரத்தில் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது.

மாமியார் வாசலில் நிற்கும்போது உட்கார்ந்திருக்கிற மருமகன் எங்கள் பக்கம் இன்னும் பிறக்கவில்லை. என் மூளை ‘எழுந்திருக்காதே’ என்று சொல்வதற்குள் என் கால் எழுந்துவிட்டது. “வாங்க அத்தை” என்று கும்பிட்டேன். உள்ளே தீ மறுபடி மின்மினியாகிவிட்டது.

அத்தை என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார். பூதலூரிலிருந்து ரயிலில் தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நாலு மாடுகளைத் தனி ஆளாகக் கட்டி மேய்க்கிறவர், உடம்பும் அதற்கேற்ற உடம்பு. வீட்டில் நாற்காலி கிடையாது. அறையில் இருந்த ஒரே இருக்கையைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அதில் உட்கார்ந்துவிட்டார்.

“ஐயோ!” என்றாள் கவிதா, உள்ளே.

தீ பர்னரைத் தாண்டிப் பானையைச் சுற்றி எழுந்துவிட்டது என்று பிறகு சொன்னாள். சுவரில் ஒரு பல்லி இருந்ததாம், அதைப் பிறகு யாரும் பார்க்கவில்லையாம்.

“என்னடி ஐயோங்கிற? பெத்தவ வந்திருக்கேன்.”

“சந்தோசத்துல சொல்லிட்டேம்மா. நீ எழுந்திரிக்காத. அப்படியே இரு.”

அத்தை இருந்தார். இருந்தபடியே எட்டிப் பார்த்து, அடுப்பு எரிவதைக் கண்டார். முகத்தில் ஒரு சின்னக் குழப்பம். ஆனால் பூதலூரிலிருந்து மனப்பாடம் செய்து வந்ததை வீணாக்க அவருக்கு மனமில்லை. சுவரிடம் ஆரம்பித்தார்.

“ஏண்டி, உன் வீட்டுக்காரரு திருக்கடையூர்ல அறுபதாம் கல்யாணத்துக்குச் சமைக்கப் போனாரே, அது என்னாச்சுன்னு கேளு.” சொல்லிவிட்டுத் தொடையில் ஒரு அடி அடித்தார். ட்யூப் அமுங்கியது. உள்ளே உலை ‘தளபுள’ என்று கொதிக்கும் சத்தம் எனக்கே கேட்டது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அத்தை என்னைத் திட்டத் திட்டச் சோறு வெந்தது.

திட்டு ஓயும்போதெல்லாம் தீ இறங்கியது. தீ இறங்கினால் கவிதா கரண்டியால் பாத்திரத்தை ஒரு தட்டு தட்டுவாள். நான் உடனே அடுத்த குற்றத்தை ஒப்புக்கொள்வேன்.

“திருக்கடையூர்ல எட்டு நாள்தான் அத்தை இருந்தேன். பாயசத்துல உப்பப் போட்டுட்டேன்.”

“கேட்டியாடி!” தொடையில் அடி. தளபுள.

டங்.

“நாகப்பட்டினத்துல போட் கம்பெனிக்குப் போனேங்க. கடலைப் பாத்ததும் வாந்தி.”

“கடலுக்குப் போறவருக்குக் கடல் ஆகலயாம்டி!” தளபுள.

டங்.

“அறுவடை மெஷின்ல ஹெல்பரா இருந்தேன். வயலுக்குள்ள தூங்கிட்டேன். அவங்க அடுத்த ஊருக்குப் போயிட்டாங்க.”

இதற்கு அத்தை இரண்டு தொடையிலும் அடித்தார். சோறு முடிந்து கவிதா கஞ்சி வடித்தாள். அடுத்து சாம்பார் ஏறியது. ட்யூப் இப்போது பாதியாக இளைத்திருந்தது. முன்னைவிடப் பலமான திட்டு தேவைப்பட்டது. என்னிடமோ குற்றங்கள் தீர்ந்துகொண்டு வந்தன. (விளையாட்டாகச் சொல்லவில்லை. பருப்பு வேகாமல், என் யோக்கியதை தீர்ந்துபோய் நின்ற நிமிடம் அது.)

டங். டங்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. கவிதாவுக்கும் தெரியாதது.

“அத்தை, இன்னைக்குக் காலைல மாட்டுப் பண்ணை வேலையையும் விட்டுட்டேன்.”

சமையலறையில் கரண்டி கீழே விழுந்தது. அத்தை ஆத்திரத்தில் முக்கால்வாசி எழுந்து, நினைப்பு மாறி, மறுபடி முழுக் கனத்தோடு உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து ஜெயந்தி அக்கா, வந்திருக்கும் விருந்தாளியைப் பார்க்கலாம் என்று வாசலில் கால் வைத்தார்.

குழாய் பிடுங்கிக்கொண்டது.

அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத எனக்குப் படிப்பு போதாது. நீளமாக, நிதானமாக, நடுவில் மூச்சு வாங்கி மறுபடி தொடங்கி, அத்தைக்குக் கீழேயிருந்து வந்தது. பின்னாலேயே வாசனையும் வந்தது. அடுப்பு அதற்குள் அணைந்திருந்தது. அதனால்தான் உயிரோடு இதை எழுதுகிறேன்.

ஜெயந்தி அக்கா கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அத்தை, நான் பார்க்க முதல்முறையாக, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இருந்தார். பூதலூரில் அந்தத் தெருவே அவர் குரலுக்கு அடங்கும். அப்படிப்பட்ட மனுஷியின் முகம் சிவந்து, உதடு லேசாக நடுங்கியது. எனக்கு அது பொறுக்கவில்லை.

“அக்கா, அது அத்தை இல்லைங்க,” என்றேன். “மாடு.”

“எந்த மாடு?” என்றார் ஜெயந்தி அக்கா, அறையைச் சுற்றிப் பார்த்தபடி.

வேறு வழியில்லை. அத்தையைக் கும்பிட்டு எழுப்பிவிட்டு விரிப்பை உருவினேன். பாதி சுருங்கிய ட்யூப் வெட்கம் கெட்டுக் கிடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டர், கரண்ட் பில், தென்னை மட்டை, கம்பளி, கண்டக்டர் எல்லாம். “உங்களை உட்கார வைக்கணும்னு நினைக்கல அத்தை. நான்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்க வந்ததும் எழுந்துட்டேன்.”

அத்தை ட்யூப்பைப் பார்த்தார். குழாய் போகும் வழியைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். கவிதா கதவோரம் நின்றாள். மூலையில் அவளுடைய துணிப்பை, அம்மா சொன்னபடி கட்டி, தயாராக இருந்தது. அறையில் யாரும் மூச்சு விடவில்லை (விடுகிற மாதிரி காற்றும் இல்லை).

“சோறு வெந்துச்சாடி?”

“வெந்துடுச்சும்மா. சாம்பார்தான் அரை வேக்காடு.”

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“குழாயை மாட்டுங்க மாப்பிள்ளை,” என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “நீ என்னம்மா வேடிக்கை பாக்குற? பத்தல. நீயும் வந்து உக்காரு” என்றார்.

கதவைத் திறந்துவைத்து, வாசனை போனபிறகு கவிதா தீக்குச்சியைக் கிழித்தாள். ஜெயந்தி அக்காவும் உட்கார்ந்தார். இரண்டு பேரும் அப்படி உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் சாம்பார் பொங்கி வழிந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவ்வளவு ருசியான சாம்பார் வைத்ததில்லை. அது பருப்பா, பசியா என்று இன்றுவரை தெரியாது.

சாப்பிட்டுக் கைகழுவியதும் அத்தை கேட்டார். “ஒரு மாட்டுச் சாணிக்கு எவ்ளோ நேரம் எரியும்?”

தெரிந்ததைச் சொன்னேன்.

“நம்ம வீட்ல நாலு நிக்குது. நானும் சிலிண்டருக்குத்தான் பால் காசைக் கொட்டிட்டிருக்கேன். யார்கிட்ட சொல்றது?” என்றவர் எழுந்து, மூலையிலிருந்த துணிப்பையைப் பிரித்தார். கவிதாவின் சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். என் இரண்டு சட்டையையும் ஒரு லுங்கியையும் அதற்குள் வைத்தார். “உன்ன அழைச்சிட்டுப் போகத்தாண்டி வந்தேன். நீ இரு. இவரை அழைச்சிட்டுப் போறேன்.”

இன்றைக்கும் எங்கள் வீட்டு அடுப்பில் பருப்பு வேகத் தாமதமானால் கவிதா உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: “யாராச்சும் அவரைத் திட்டுங்களேன்!” பூதலூர்ச் சொந்தக்காரர்களோ, எங்கள் வீட்டுக்கு வந்தால் எதில் உட்கார்வதற்கு முன்பும் கையால் ஒருமுறை அமுக்கிப் பார்க்கிறார்கள்.

அன்று சாயங்காலமே நானும் அத்தையும் பூதலூர் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அத்தை கோலமாவால் ஒரு வட்டம் போட்டார். “இதான் தொட்டி. தோண்டுங்க. நாள் கூலி உண்டு, மூணு வேளை சோறு உண்டு” என்றார். நான் மண்வெட்டியோடு அதற்குள் இறங்கினேன். நான் பாதியில் விட்டுவிட்டு வராத முதல் வேலை அது. அதில் என் பெருமை ஒன்றும் இல்லை. குழி ஆள் உயரம் ஆனதும் ஏணியை அத்தை மேலே எடுத்துக்கொண்டார்.